பாதியில் நின்ற இன்ஸ்டலேஷன், பதினொன்றரை மணி இன்டர்வியூ

போன வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணி. ஒரு தோசை தட்டில், அடுத்த தோசை கல்லில். போன் அடித்தது.

"மாமா, உங்க கண்ணு ரெண்டும் அவசரமா வேணும். எடுத்துக்கினு உடனே பாகூர் வாங்க."

இப்படிக் கூப்பிடக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான் — பவானி. என் மனைவியின் தங்கை. வயது முப்பத்து நான்கு. ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய பார்வையைக் கொண்டுபோய்விட்டது. "வாயை மட்டும் உட்டுட்டுப் போயிடுச்சு" என்று அவளே சொல்வாள்.

"என்னம்மா ஆச்சு?"

"லேப்டாப் பேச மாட்டேங்குது. பதினொன்னரைக்கு இன்டர்வியூ."

கல்லில் இருந்த தோசையை அப்படியே மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு சட்டையை மாட்டினேன்.

பவானியின் லேப்டாப் பேசும். ஸ்கிரீனில் என்ன இருக்கிறதோ அதை வாசித்துச் சொல்லும் ஒரு சாஃப்ட்வேர் அதில் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். அவள் மவுஸைத் தொடவே மாட்டாள். எல்லாம் கீபோர்டுதான். விரல் ஓடும், லேப்டாப் பேசும், அவள் கேட்பாள், மறுபடி விரல் ஓடும். அந்தக் குரல் நின்றுபோனால்? நம்முடைய ஸ்கிரீன் முழுக்க இருட்டாகிவிட்டால் நமக்கு எப்படியோ, அப்படி.

இன்டர்வியூவோ அப்படி இப்படிப்பட்டது அல்ல. சென்னையில் ஒரு கம்பெனி. வெப்சைட்டுகளையும் ஆப்களையும் பார்வை இல்லாதவர்கள் சிரமமில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலை. பாகூர் வீட்டிலிருந்தே செய்யலாம். இன்டர்வியூவில் ஒரு வெப்சைட்டைக் கொடுப்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தன் ஸ்கிரீன் ரீடரை வைத்து அதில் உள்ள குறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். குரல் இல்லையென்றால் இன்டர்வியூவே இல்லை.

இது அவளுக்கு மூன்றாவது. முதல் இரண்டு கம்பெனிகளில் டெஸ்ட் எல்லாம் நன்றாகத்தான் செய்தாள். கடைசியில், "தினமும் தனியா எப்படிம்மா ஆபீஸ் வருவீங்க?" என்று ரொம்ப அன்பாகக் கேட்டார்கள். அன்பாகவே அனுப்பியும் வைத்தார்கள்.

வில்லியனூர் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் பத்து நிமிடம். மங்கலம் தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். ஒதுங்கவும் மாட்டேன், ஓடவும் மாட்டேன் என்று போனது. ஸ்கூட்டரில் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு தெம்பு இருந்தது. எத்தனை வருஷமாகப் பத்திரிகைக்கு வாராவாரம் கம்ப்யூட்டரில் எழுதுகிறவன் நான்! தெருவில் யார் வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். என்னிடம் ஒரு கைகண்ட வைத்தியம் உண்டு — ஆஃப் பண்ணு, ஆன் பண்ணு.

பாகூர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபது. வாசலிலேயே அத்தை. அதாவது என் மாமியார்.

"வாங்க மாப்ள. நான் அப்பவே சொன்னேன், சுவிட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடின்னு. கேட்டாத்தான?"

நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து பவானியின் குரல் வந்தது.

"மாமா, யாரும் சுவிட்ச் கிட்ட போவக் கூடாது! பாதி இன்ஸ்டால்ல நிக்குது. இப்ப ஆஃப் பண்ணா எது உள்ள போச்சு, எது போவலன்னு அதுக்கே தெரியாது."

என் வைத்தியம் வாசலிலேயே முடிந்தது.

நடந்தது இதுதான். காலையில் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் — எங்கள் மீட்டிங் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று. பவானியின் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். அதில் எதைப் போடுவதாக இருந்தாலும் பேக்கேஜ் மேனேஜர் என்ற ஒன்றிடம்தான் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு சமையல் மாஸ்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். "சாம்பார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பருப்பு, புளி, காய், பெருங்காயம் என்று அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் அவரே தேடிக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். பழசாகப் போன சாமான் இருந்தால், "முதலில் இதையெல்லாம் மாத்துங்க" என்பார்.

இவளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. சரி என்று அப்டேட் கொடுத்திருக்கிறாள். முக்கால்வாசி ஓடியிருக்கிறது. நடுவில் குரல் திக்கித் திக்கிப் பேச ஆரம்பித்திருக்கிறது. ஸ்கிரீன் ரீடரை நிறுத்தி மறுபடி கிளப்பலாம் என்று நிறுத்தினாள். நின்றது நின்றதுதான். கிளம்பவில்லை. ஒருவேளை அப்டேட் ஓடிக்கொண்டிருந்த அந்த ஸ்கிரீன் ஜன்னலே மூடிவிட்டதோ என்று, கீபோர்டிலேயே புதிதாக ஒரு ஜன்னல் திறந்து, அதே கட்டளையை மனப்பாடமாக மறுபடி அடித்திருக்கிறாள். ம்ஹூம். மவுனம்.

"போன்ல கேமரா வெச்சிப் படிக்கச் சொல்லலாமேம்மா?" என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

"பண்ணாம இருப்பேனா? கறுப்பு ஸ்கிரீன்ல வெளிச்சம் பட்டு பளபளன்னு இருக்கு போல. 'ஒரு ஜன்னல், நைட்டி போட்ட ஒரு பெண்மணி'ன்னு படிக்குது."

அத்தை சட்டென்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். கறுப்பு ஸ்கிரீன். வெள்ளை எழுத்து.

"இன்னா தெரியுது மாமா?"

"இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கும்மா."

பவானி ரொம்பப் பொறுமையாகக் கேட்டாள். "சரி. ஓடுதா, நிக்குதா?"

உற்றுப் பார்த்தேன். கடைசி வரியின் ஓரத்தில் ஒரு நம்பர் ஏறிக்கொண்டே இருந்தது. நாலாயிரத்து இருநூற்று மூன்று... நான்கு... ஐந்து...

"ஓடுதும்மா! நம்பர் ஏறுது! வேலை நடந்துகிட்டுதான் இருக்கு, நீ பயப்படாதே."

அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி. அத்தை காபி கொண்டுவந்தார். நான் கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி நடுநடுவே அறிவித்துக்கொண்டிருந்தேன். "நாலாயிரத்து ஐந்நூறு!" ... "நாலாயிரத்து எண்ணூறு! இனி சீக்கிரம் முடிஞ்சிடும்." எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"ஐயாயிரம் தாண்டிடுச்சு!" என்றபோது பவானி நிமிர்ந்தாள்.

"ஐயாயிரம் இன்னா மாமா? பர்சன்ட்டா இருந்தா நூறைத் தாண்டாதே. எம்.பி.யா?"

"பக்கத்துல எஸ் போட்டிருக்கு."

"எஸ்னா செகண்ட். அந்த வரியில மொதல் வார்த்தை இன்னா?"

பார்த்தேன்.

"வெயிட்டிங்..."

"இன்னா?"

"வெயிட்டிங்னு போட்டிருக்கும்மா."

பவானி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மாமா, அது வேலை செய்யல. காத்துக்கினு இருக்குது. நான் எத்தன செகண்டா காத்துக்கினு நிக்கறேன் பாருங்கடான்னு நம்மகிட்ட சொல்லிக்கினே இருக்குது. நாம அதுக்கு ஸ்கோர் பாத்து காபி குடிக்கறோம்."

மணி ஒன்பது நாற்பது. பதினைந்து நிமிடம் என்னால் போயே போய்விட்டது. எழுத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு ஆள், கண்ணுக்கு எதிரே இருந்த ஒரு வரியை முதல் வார்த்தையிலிருந்து படிக்கவில்லை. படித்தது அந்த ஓரத்து நம்பரை மட்டும்.

"இனிமே சாராம்சம் வேணாம் மாமா. எழுத்து எழுத்தா படிங்க. அர்த்தம் நான் பாத்துக்கறேன்."

படித்தேன். பூட்டு கிடைக்கவில்லை, பூட்டு 4127 என்ற எண்ணுள்ள வேலையின் கையில் இருக்கிறது என்பதுதான் அந்த வரியின் சாரம். அடடா, மறுபடி சாராம்சம் சொல்கிறேன் பாருங்கள்.

பவானி விளக்கினாள். ஒரே சமயத்தில் இரண்டு மாஸ்டர்கள் ஒரே அடுப்பில் கை வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் உப்பு போட்டது தெரியாமல் இன்னொருவரும் போடுவார். அதனால் முதலில் வருகிற மாஸ்டர் சமையல் கட்டைப் பூட்டிக்கொண்டு வேலை செய்வார். முடித்துவிட்டுத் திறப்பார். அதுவரை அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். நான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது வாசலில் நின்றவரை.

அதற்குள் நான் என் போனில் தேட ஆரம்பித்திருந்தேன். இழந்த மரியாதையை மீட்க வேண்டாமா? ஒரு பக்கத்தில் யாரோ தீர்வு எழுதியிருந்தார்கள்.

"கிடைச்சிடுச்சு பவானி! அந்த 4127ஐ கொன்னுடணுமாம். அப்புறம் பூட்டு ஃபைலை டெலீட் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடுமாம். நிறைய பேர் கைதட்டியிருக்காங்க."

"உள்ள இருக்கறது யாரு, இன்னா பண்ணிக்கினு இருக்காங்கன்னு தெரியாம பூட்டை ஒடைக்கலாமா மாமா? பாதி வேலையில இருந்தா?"

"எல்லாரும் அதான் செய்றாங்களாம்..."

"எல்லாருக்கும் பதினொன்னரைக்கு இன்டர்வியூ இருக்கா?"

போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவளே கீபோர்டை இழுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு ஜன்னல் திறந்தாள். என்னென்ன வேலைகள் ஓடுகின்றன என்று பட்டியல் கேட்கும் கட்டளையை அடித்தாள். ஸ்பெல்லிங் சரியா என்று பார்ப்பது மட்டும் என் வேலை. பட்டியல் வந்தது. நீளமாக. கச்சாமுச்சா என்று. எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். நடுவில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன் என்று திரும்பப் படிக்க வைத்தாள். ஸ்கிரீனில் கோடு எங்கே, இடைவெளி எங்கே என்று எல்லாம் சொல்ல வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. இவ்வளவு கவனமாக நான் எதையாவது கடைசியாக எப்போது படித்தேன்? சத்தியமாக ஞாபகம் இல்லை.

"4127 உசுரோடதான் இருக்குது" என்றாள் பவானி. "காலையில நான் மொதல்ல குடுத்த அப்டேட்டேதான். ஓடல. தூங்குது. அப்படின்னா..." யோசித்தாள். "அது எதுக்கோ காத்துக்கினு இருக்குது மாமா. ரெண்டு பேருமே காத்துக்கினு—"

ஃபேன் நின்றது.

"கரண்ட்டு பூடுச்சி!" என்றார் அத்தை, நாங்கள் கவனிக்காதது போல.

மணி பத்து பதினைந்து. பவானியின் லேப்டாப் பழசு. பாட்டரி பேருக்குத்தான் இருக்கிறது. பத்து, பதினைந்து நிமிடம் தாங்கினால் பெரிசு. ஸ்கிரீனின் மூலையில் பாட்டரி பதினெட்டு பர்சன்ட் என்றது. நான் வாய் திறப்பதற்குள் பதினேழு.

"உடனே வந்துடும்ல?" என்றேன்.

எதிர் வீட்டு கேட்டிலிருந்து பதில் வந்தது. கோதண்டம். கரும்பு போடுகிற விவசாயி. இந்த வீட்டுக்கு உறவு மாதிரி. "இன்னிக்கி லைன் வேலை. ரெண்டு மணி வரிக்கும் வராது. காலையிலயே பேப்பர்ல போட்டிருந்தானே, பாக்கல?"

அந்தப் பேப்பரை நானும் வாங்குகிறேன். காலையில் புரட்டவும் செய்தேன். புரட்டினேன்... அவ்வளவுதான்.

கீபோர்டின் மேல் இருந்த பவானியின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "மூணாவதும் போச்சா மாமா?" என்றாள், ரொம்பச் சின்னக் குரலில்.

பதில் சொன்னது அத்தை. வாசலில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி. "யோவ் கோதண்டம்! உங்க வூட்ல இன்வெர்ட்டர் ஓடுதா?"

"ஓடுதே. எங்க வூட்டம்மா சீரியல் பாத்துக்கினு இருக்கா."

லேப்டாப் மூடியை மூடினால் அது தூங்கப் போய்விடும். தூங்கி எழுந்து என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. எனவே திறந்தபடியே தூக்கினேன். ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நான் முன்னால். என் முழங்கையைப் பிடித்தபடி பவானி. சார்ஜர் ஒயர் தெருவில் இழுபட, பின்னால் அத்தை. குறுக்கே வந்த ஒரு டூவீலர்காரர் வண்டியை நிறுத்தி, கால் ஊன்றி, மரியாதையாக வழிவிட்டார். என்ன சாமி ஊர்வலம் என்று நினைத்தாரோ!

"எவ்ளோ மாமா?"

"ஒம்பது."

"வேகமா நடங்க."

"படிக்கட்டு இருக்கும்மா. ரெண்டு."

"எனக்கு அது தெரியும். நீங்க பாத்து ஏறுங்க."

கோதண்டம் வீட்டு ஹாலில் பிளக்கைச் சொருகியபோது பாட்டரி ஆறு. டி.வி.யை அவரே அணைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. சீரியலில் என்ன முக்கியமான கட்டமோ... தெரியவில்லை.

பவானி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்: "மாமா, மொதல் ஜன்னல் மூடல. பின்னால எங்கயோ மறைஞ்சிருக்குது. நான்தான் அது மேல ரெண்டு ஜன்னல் தொறந்துட்டேன். இப்ப ஒவ்வொண்ணா முன்னால கொண்டாரேன். பாருங்க."

இரண்டு கீயை அமுக்கினாள். ஸ்கிரீன் மாறியது.

"ஸ்கோர் ஏறின ஜன்னல்" என்றேன்.

மறுபடி அமுக்கினாள். இதுவரை நான் பார்க்காத ஒரு ஜன்னல் வந்தது. நிறைய வரிகள். கடைசியில் ஒரு கேள்விக்குறி. அதன் பக்கத்தில் வெள்ளைக் கட்டம் ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பவானி! இங்க என்னமோ கேக்குது! 'ஒய்'யா, 'என்'னான்னு கேக்குது. ஒய் அமுக்கிடட்டுமா?"

என் விரல் போயே போய்விட்டது. எப்போதும் ஒய்தானே? எஸ், ஓகே, சம்மதம், ஏற்றுக்கொள்கிறேன், அடுத்து, அடுத்து, முடிந்தது! வாழ்நாள் முழுக்க அப்படித்தானே அமுக்கியிருக்கிறேன்?

என் மணிக்கட்டைச் சரியாகப் பிடித்தாள். எப்படித்தான் தெரிந்ததோ!

"கேள்வியைப் படிங்க மாமா."

படித்தேன். எழுத்து எழுத்தாக. ஃபைல் பெயரிலிருந்து ஆரம்பித்து, சாய்கோடு, புள்ளி எல்லாம் சேர்த்து. நான்காவது வரி படிக்கும்போதே பவானி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

அது கேட்டது இதுதான்: இந்த ஃபைலை நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறீர்கள். இப்போது எங்களிடமிருந்து புதிய ஃபைல் வந்திருக்கிறது. புதியதைப் போடட்டுமா, உங்களுடையதையே வைத்துக்கொள்ளட்டுமா? புதியதற்கு 'ஒய்'. உங்களுடையதற்கு 'என்'.

எந்த ஃபைல்? பவானியின் குரல் இருக்கிறதே, அந்த லேப்டாப் குரல், அதன் ஃபைல்! எந்தக் குரல், எவ்வளவு வேகம், எவ்வளவு கனம், தமிழ் வந்தால் எப்படிப் பேச வேண்டும் — நாலு மாதம் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாகத் தன் காதுக்கு ஏற்றபடி அவள் மாற்றி வைத்தது.

"ஒய் போட்டிருந்தா?" என்றேன்.

"குரல் வந்திருக்கும். யாரோ ஒரு இங்கிலீஷ்காரன் குரல். தமிழைப் பாத்தா முழிப்பான். பழைய ஃபைலை எங்கயாவது எடுத்து வெச்சிருக்கும்தான். ஆனா தேடிப் புடிச்சி மாத்தறதுக்கு இப்ப டைம் ஏது?"

காலை எட்டு மணியிலிருந்து அந்தப் பாவப்பட்ட மெஷின், "உன் குரலை மாத்தட்டுமா வேணாமா?" என்று அவளைக் கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறது. கேட்பதற்குக் குரல் வேண்டும். குரலோ பாதியில் நிற்கிறது. கேள்வி அவள் காதுக்குப் போகவே இல்லை. அவள் அது முடிக்கட்டும் என்று காத்திருக்க, அது அவள் சொல்லட்டும் என்று காத்திருக்க... ரிப்பேர் என்று எதுவுமே இல்லை! ஒரு கேள்வி. அதற்கு ஒரு எழுத்து பதில்.

"'என்' போடுங்க மாமா. நீங்களே போடுங்க."

போட்டேன். என்டர்.

அடுத்த நொடி கடகடவென்று வரிகள் ஓட ஆரம்பித்தன. இரண்டு நிமிடம். முதல் மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வர, வாசலில் நின்றவர் உள்ளே போய் மிச்சத்தைப் பார்த்தார். மீட்டிங் சாஃப்ட்வேரும் வந்து உட்கார்ந்தது. மணி பத்து ஐம்பது.

பவானி மூன்று கீயைச் சேர்த்து அமுக்கினாள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி... ஹாலில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கோதண்டம் உட்பட.

'ட்ர்ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். தமிழை மிக்ஸியில் போட்டு அரைத்த மாதிரி. அவள் வைத்திருக்கிற வேகம் அப்படி.

"இது இன்னா பாஷைம்மா?" என்றார் கோதண்டம்.

"தமிழ்தான் பெரிப்பா!" என்றாள் பவானி. சொல்லும்போதே குரல் உடைந்தது. இவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்த தோள் ரெண்டும் சட்டென்று தளர்ந்தன. அத்தை அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். தெருவில் எதையோ பார்க்கிற மாதிரி வாசலுக்குப் போய்விட்டேன்.

பதினொன்றரை மணி இன்டர்வியூ கோதண்டம் வீட்டு ஹாலிலேயே நடந்தது. இன்டர்நெட் என் போனிலிருந்து. கோதண்டம் கேட்டில் நின்று காவல் காத்தார். "கோலமாவு" என்று கூவ வாயெடுத்த ஒரு வண்டிக்காரரை, சைகையாலேயே அடுத்த தெருவுக்கு அனுப்பிவைத்தார். அவர் மனைவி குக்கரைக்கூட வைக்கவில்லை. விசில் வந்துவிடுமாம்.

நான் வேப்ப மர நிழலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன்? பார்க்கிறேன். படிக்கிறேனா?

சென்ற மாதம் மதகடிப்பட்டில் ஒரு கல்யாணம். பத்திரிகையைப் பார்த்துவிட்டுத்தான் குடும்பத்தோடு போனேன். மண்டபத்தில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளே முடிந்துவிட்டதாம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர், மண்டபம் பெயர் எல்லாம் பார்த்திருந்தேன். தேதியை? "எப்படியும் ஞாயித்துக்கிழமைதான் இருக்கும்" என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். மருந்து அட்டை, பாங்க் மெசேஜ், பஸ் போர்டு... முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மிச்சத்தை நாமே எழுதிக்கொண்டு விடுகிறோம். நண்பர் ஒருவர் எழுதுகிற மெசேஜைக்கூட முழுசாகப் படிக்காமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் அதில் ஏதாவது கேட்டிருந்தால்? பதிலுக்காக அவரும் எங்கேயோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்... நாம், "என்ன, ஆளையே காணோம்!" என்று அலுத்துக்கொள்வோம்.

பவானி வெளியே வந்தபோது பன்னிரண்டே கால்.

"எப்படிம்மா பண்ணினே?"

"அந்த வெப்சைட்ல பதினாலு தப்பு கண்டுபுடிச்சேன் மாமா."

"பதினாலா! மொத்தம் எத்தனை இருந்துதாம்?"

"அவங்களுக்குத் தெரிஞ்சது ஒம்பதுதானாம்."

மூன்றாவது நாள் மெயில் வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது! அடுத்த திங்கட்கிழமை, பாகூர் வீட்டில், அதே மேஜையில், அதே லேப்டாப்பில் சேர்ந்துவிட்டாள். "தனியா எப்படி வருவீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. அத்தை தெரு முழுக்க கேசரி கொடுத்தார். கோதண்டம் வீட்டுக்கு மட்டும் இரண்டு கிண்ணம்.

இத்தோடு இந்த வாரக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முந்தாநாள் சாயங்காலம் பவானியிடமிருந்து போன்.

"மாமா, பழகறதுக்காக கண்ட வெப்சைட்டையும் நோண்டிக்கினு இருந்தேன். உங்க பத்திரிகை சைட்டுக்கும் போனேன். உங்க பக்கம் வந்துது."

எனக்கு ஒரே குஷி. "அப்படியா! படிச்சியா? எப்படி இருந்தது?"

"ஒரே வார்த்தைதான் மாமா."

"சொல்லும்மா, சொல்லு."

"'படம்'."

"என்னது?"

"என் லேப்டாப் அதான் படிச்சுது. உங்க பக்கத்தை அப்படியே போட்டோவா எடுத்துப் போட்டு வெச்சிருக்காங்க. போட்டோவை அது எப்படிப் படிக்கும்? 'படம்'னு சொல்லிட்டு நின்னுடுச்சு. போன வாரம் பாத்தேன், படம். அதுக்கு முந்தின வாரம், படம். எல்லா வாரமும் படம்தான் மாமா."

இத்தனை வருஷம் வாராவாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். சொந்த மச்சினி ஒரு வரி படித்ததில்லை. நானும் கேட்டதில்லை. அவளும், "மாமா என்னமோ எழுதறாராம்" என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறாள்.

உடனே எடிட்டருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டார். பிறகு, "இந்த வாரத்திலிருந்து எழுத்தாகவே போட்டுவிடுவோம் சார்" என்றார். போட்டும்விட்டார். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பாகூரில் ஒரு லேப்டாப் இதை மிக்ஸி வேகத்தில் அரைத்துக்கொண்டிருக்கும்.

பவானி... தப்பு எத்தனை இருந்தாலும் எனக்குத் தனியாகப் போன் பண்ணிச் சொல்லும்மா. எடிட்டருக்கு வேண்டாம்!